வாவிப் பாட்டும் 531,441 உம்: ஒரு முன்னாய்வு

மட்டக்களப்பு வாவியில் பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1848 இல் வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், கண்ணாடிக் கிண்ண விளிம்பை ஈரவிரலால் தேய்த்தாற்போல ஓர் ஒலி கேட்டதாக எழுதினார். உள்ளூரார் அதை ஊரியின் தலையில் கட்டினார்கள். 1947 இல் வெளிவந்த யாழ்நூலில் விபுலாநந்த அடிகள் சுருதிகளுக்குக் கணக்கே போட்டார். பாடுவது யார் என்பது இக்கட்டுரைக்கு வேண்டாதது. பாடுபவருக்கு 531,441 தெரியுமா என்பதே கேள்வி.

அது ஒற்றை எண் (ஆதாரம்: கடைசி இலக்கம்). இலக்கங்களின் கூட்டுத்தொகை 18 (ஆதாரம்: கைவிரல்கள் பத்து, கால்விரல்கள் எட்டு). 729 இன் வர்க்கம். 81 இன் கனம். மீதியின்றி வகுக்கும் எண்கள் பதின்மூன்று. அவற்றைக் கூட்டினால் வரும் 797,161 ஒரு பகா எண். இதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஆய்வரங்க அழைப்பு அனுப்பப்படமாட்டாது.

மூன்றைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் இவ்வெண் வரும். குரலிலிருந்து இளிக்கு, அதாவது ச விலிருந்து ப வுக்கு ஏறினால் அதிர்வு ஒன்றரை மடங்கு. இப்படிப் பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு தாயி கடந்து பழைய குரலுக்கே வந்து சேரவேண்டும். சேராது. பின்னத்தை நீக்கிப் பார்த்தால், ஒரு பக்கம் 531,441. மறுபக்கம் இரண்டைப் பத்தொன்பது தடவை பெருக்கிய 524,288. ஒற்றையும் இரட்டையும் எந்தக் காலத்தில் சமனாகியிருக்கின்றன? மிச்சம் 7,153. ஐரோப்பியர் இந்த மிச்சத்துக்குப் பிதாகரஸின் பெயரை வைத்தார்கள். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் இதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு, ஒவ்வோர் இளியிலும் இம்மியளவு குறைத்து ஒளித்துவிடுவார். நம் பேராசிரியர்களுக்கு அந்தச் சிரமமில்லை. கணக்கு உதைத்தால் அடிக்குறிப்பு இருக்கிறது.

களஆய்வு ஒரு பூரணை இரவில், கல்லடிப் பாலத்தடியில் நடந்தது. துடுப்பின் அலகை நீருக்குள் விட்டு, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது ஊர் வழக்கம். கட்டுரையாளர் அப்படியே குனிந்திருந்தார். சட்டைக் கையால் நீர் வழிந்தது.

"என்ன ஐயா முணுமுணுக்கிறீங்க?"

"எத்தனை இளி ஏறுது எண்டு எண்ணுறன்."

"எண்ணினா கேக்காது. சும்மா கேளுங்க."

(தோணிக்காரர், வாய்மொழி. இரண்டாம் திருத்திய பதிப்பு: அதையே உரத்துச் சொன்னது.)

பெரிய கண்டுபிடிப்பு கரையில் காத்திருந்தது. 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள் 526,567 பேர். 524,288 க்கு மேலே, 531,441 க்குக் கீழே! வாகரையிலிருந்து களுவாஞ்சிகுடி வரை மாவட்டம் முழுவதும் பிதாகரஸின் மிச்சத்துக்குள் குடியிருந்திருக்கிறது. கீழெல்லையைத் தாண்டி 2,279 பேர். மேலெல்லைக்கு 4,874 பேர் போதாது. இவ்விரண்டையும் கூட்டினால் அதே 7,153 வருவதைத் தற்செயல் என்பவர்களுக்குக் கூட்டல் தெரியும், ஆய்வு தெரியாது. (பார்க்க: களுவாஞ்சிகுடி பஸ், மூன்றாவது இருக்கையின் முதுகு, நீலப் பேனா, அதன் கீழே வேறு கையெழுத்தில் 'மறுப்பு', மறுப்பின்மேல் ஒட்டிய சூயிங்கம், காலம் அறியப்படவில்லை.)

2024 கணக்கெடுப்பில் மாவட்டம் ஐந்தரை இலட்சத்தைத் தாண்டி, இந்த இடைவெளியை விட்டு வெளியேறிவிட்டது. ஆய்வுக்கு அதனால் பழுதில்லை. இரண்டு எல்லைகளையும் ஒரு தாயி ஏற்றினால் 1,048,576 முதல் 1,062,882 வரை அதே இடைவெளி மறுபடி கிடைக்கிறது. மாவட்டம் அங்கே வந்து சேரும்வரை ஆய்வு நிதியை நீடிக்கக் கோரும் விண்ணப்பம் மூன்று பிரதிகளில் தயாராகிறது.