என் காதுக்கு ஒன்றுமில்லை

பேர்ண், சுவிட்சர்லாந்து

அன்புள்ள மச்சான்,

உன் செய்தி கிடைத்தது. "காதுக்கு என்ன வைத்தியம், ஒப்பரேசனா?" என்று கேட்டிருந்தாய். துறைமுகத்தடியில் உன்னை மறித்து விசாரிக்கிறார்களாம், பாலம் தாண்டி ஓட்டமாவடிக்கும் கதை போய்விட்டதாம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துபோவாய். அதனால் எழுதித் தருகிறேன், கேட்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டு. எனக்குக் காது போகவில்லை, என் கொம்பியூட்டருக்கு வாய்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை வழமைபோல அம்மாவோடு வீடியோவில் இருந்தேன். அம்மாவின் வாய் ஆடுகிறது, கை ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. "அம்மா, கேக்கல்ல!" என்று கத்தினேன். என் குரல் அங்கே வடிவாகக் கேட்டிருக்கிறது, அதுதான் வினை. அப்பா கடதாசி ஆலையில் மெசினடியில் நின்று காது மந்தமானவர் என்பது ஊரறிந்தது. "தகப்பன்ட காது மகனுக்கும் வந்திட்டு" என்று அங்கே தீர்ப்பாகிவிட்டது. அடுத்த நாள் போன் எடுத்து, "இப்ப உங்கட குரல் கேக்குதுதானே?" என்று விளக்கப் பார்த்தேன். "போன் வைக்கிற காது நல்லாத்தான் இரிக்கி மனே. மற்றக் காதுதான் போயிற்று" என்றா. மறுகா என்ன, மாமாங்கப் பிள்ளையாருக்கு வெள்ளியில் காது செய்து வைக்க நேர்த்தியும் வைத்தாயிற்று.

இங்கே தமிழர் வீடுகளில் கொம்பியூட்டர் வைத்தியத்துக்குக் குறைவில்லை. முதலில் வந்தவர் மேசைக்குக் கீழே படுத்து வயர்களைப் பார்த்தார். பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கு, ரோசா மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலி வாங்குவதற்கு. 1990களின் கடைசியில் மைக்ரோசொப்ட்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த நிறங்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. மற்றவர் வைரஸ் என்றார். அவருக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு புதிதாகப் போடுவது. என் பத்து வருடப் படங்களைச் சாகடிக்க வந்த மனிசனுக்கு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். இன்னொருவர் ஒலிக்கான டிரைவரை நீக்கித் திரும்பப் போட்டார். மெனு எல்லாம் டொச்சில் இருந்ததால் இரவு பதினொன்றாகிவிட்டது. சத்தம் வரவில்லை. கடைக்காரன் கொம்பியூட்டரின் வயதைத்தான் முதலில் கேட்டான். சொன்னதும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு புதியவை இருக்கிற பக்கம் கையைக் காட்டினான். ஈயம் பற்றவைக்கிற கோலோடு குந்தியிருந்து செத்த றேடியோவைப் பேசவைக்கிற நம்மூர் ஆட்களை இவன் கண்டதில்லை.

ஒரு கணக்குக்கு இவர்களையும் குறைசொல்ல ஏலாது. 1981இல் வந்த ஐபிஎம் கொம்பியூட்டருக்குத் தெரிந்தது 'பீப்' மட்டும்தான். 1989இல் சிங்கப்பூர் சிம் வொங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை விட்ட பிறகுதான் பாட்டும் பேச்சும் வீட்டு மேசைக்குப் பரவலாக வந்தன. வாய் முளைத்தே அதிக காலமில்லை.

கடைசியில் நானே ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். பூரணை இரவில் கல்லடியில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீன் கேட்பார்களே, அப்படித்தான் குந்தியிருந்தேன். எமர்சன் டெனென்ட் துரை மட்டக்களப்பு வாவியில் அந்த ஒலியைக் கேட்டு 1859இல் வந்த தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். எனக்குக் கேட்டது மெல்லிய இரைச்சல். ஆனால் அது போதும். ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது, அப்படியென்றால் ஒலி வேறெங்கோ போகிறது.

போன இடம் புது மொனிட்டர். பழையது மங்கிவிட்டதென்று மாற்றியிருந்தேன், எச்டிஎம்ஐ வயரில். 2002இன் கடைசியில் வெளியான ஏற்பாடு அது, படமும் ஒலியும் ஒரே வயரில் போகும். கொம்பியூட்டர் அதைக் கண்டதும் ஒலி முழுவதையும் மொனிட்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. மொனிட்டருக்கோ ஸ்பீக்கரே கிடையாது! அம்மா கதைத்ததெல்லாம் அதற்குள் போய் அடங்கிப்போயிற்று. திரையின் வலது மூலையில் ஒலிபெருக்கிக் குறி இருக்கும். அதை அழுத்தி, ஒலி எங்கே போகவேண்டுமென்ற பட்டியலில் பழைய ஸ்பீக்கரைத் தெரிந்தெடுத்தேன், அவ்வளவுதான். மருமகனுக்கும் சொல்லி வை. சத்தம் நின்றால் டிரைவரில் கைவைக்க முதல் இந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

ஆனால் மச்சான், சத்தம் வந்த பிறகுதான் உண்மையான கரைச்சல். இது சத்தத்துக்கே நேரம் குறித்த நாடு. எங்கள் கட்டடத்தில் இரவு பத்துக்கு மேல் அமைதி, மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை அமைதி. ஞாயிறென்றால் வெறும் போத்தலைக்கூடத் தெருத் தொட்டியில் போட ஏலாது. அம்மாவோ அப்பாவோடு வாழ்ந்த காலம் முழுக்க உரக்கக் கதைத்துப் பழகினவ. ஊரில் நாலரை மணிக்கு அவ எடுத்தால் இங்கே சரியாகப் பன்னிரண்டு. போன கிழமை கீழ்வீட்டு மனிசி கதவைத் தட்டி, "உங்கள் குடும்பத்தில் ஏதும் துக்கமா?" என்று மெதுவாகக் கேட்டா. அம்மா இறால் விலை சொல்லிக்கொண்டிருந்தா.

ஆகவே இனி அம்மாவை ஆறு மணிக்கு எடுக்கச் சொல்லு, இங்கே ஒன்றரை. மார்ச் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு. நீ சொன்னால் கேட்பா.

இறால் இப்போது கிலோ என்ன விலையென்று எழுது. அந்த மனிசி வந்ததால் கதை பாதியில் நின்றுபோயிற்று.

இப்படிக்கு,
இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற
உன் மச்சான்