தாம்பூலப் பை: ஆணி அடிப்படையிலான ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

சூழலுக்கு உகந்த கல்யாணம் என்றதும் அறிஞர் உலகம் வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, தெர்மாகோல் இல்லாத மேடை என்று மண்டபத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. பந்தி முடித்து, செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து வாசலுக்கு வருகிறவர் கையில் திணிக்கப்படும் பொருளை ஆராய ஆளில்லை. ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, பாக்குப் பொட்டலம், மஞ்சள், குங்குமம். இவற்றில் தேங்காய் மறுநாளே சட்னியாகிவிடுகிறது. பை மட்டும் விருந்தாளி வீட்டில் நிரந்தரமாகக் குடியேறுகிறது. அந்தக் குடியேற்றம் பற்றியதே இவ்வாய்வு.

இனப் பகுப்பு

தாம்பூலப் பையில் மூன்று இனங்கள் காணக் கிடைக்கின்றன. முதலாவது, மஞ்சப்பை. மணமக்கள் பெயர், முகூர்த்த நாள், மண்டபத்தின் பெயர், இடம் மிச்சமிருந்தால் தாய்மாமன் கடையின் விளம்பரம், எல்லாம் அச்சான பருத்தித் துணி. பட்டணத்துக்கு வந்த பட்டிக்காட்டானின் அடையாளம் என்று சினிமா நெடுங்காலம் கேலி செய்த பை இது. 2021 டிசம்பர் 23 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்த பிறகு, அரசு மரியாதையோடு ஊருக்குள் திரும்பியிருக்கிறது.

இரண்டாவது இனம் வேடதாரி. பார்த்தால் துணி, தொட்டாலும் துணி, தீக்குச்சியைக் காட்டினால் உருகிச் சொட்டும். நூலும் தறியும் காணாதது. பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அமுக்கி ஒட்டினால் இது பிறக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட 14 பிளாஸ்டிக் பொருட்களில் இதுவும் ஒன்று. “இது துணிப்பைதாங்க” என்று சொல்லி விற்பதை வகைப்பாட்டியல் ஏற்பதற்கில்லை.

மூன்றாவது, பைக்குப் பதிலாக வரும் மரக்கன்று. அதை இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: நாற்றுப் பண்ணையிலிருந்து அது கறுப்புப் பாலித்தீன் பையில்தான் வருகிறது.

டென்மார்க் சான்று

இத்துறையில் தவிர்க்க முடியாத ஆவணம், டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கை. கடையில் வாங்கி, வீட்டில் குப்பைக்கூடைக்கு உறையாகி, பின் எரியூட்டப்படும் பிளாஸ்டிக் பையை அளவுகோலாக வைத்தார்கள். அதற்கு ஈடாகப் பருத்திப் பையை எத்தனை முறை பயன்படுத்த வேண்டும்? பருவநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை. ஓசோன், நீர் என்று எல்லாக் கணக்கையும் சேர்த்தால் 7,100 முறை. இயற்கை வேளாண் பருத்தியென்றால் 20,000. குறைந்த விளைச்சலுக்குக் கூடுதல் நிலம் வேண்டுமே!

வாரம் ஒருமுறை சந்தைக்குப் போனால் 52 என்பது சரியாக முதல் கல்யாண நாள். 7,100 என்பது 136 வருடம். அதாவது, மணமக்களின் பெயர் தாங்கிய பையை அவர்களின் எள்ளுப்பேரன் கிழியாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேடதாரிப் பைக்கோ இந்த எண்கள் முறையே 6, 52 தான்.

வேடதாரியின் ஆதரவாளர்கள் கைதட்டுவதற்கு முன் ஒன்று: தெருவில் வீசப்படும் பை என்ன செய்யும் என்பது இந்தக் கணக்கில் கிடையாது. டென்மார்க்கில் குப்பையை எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுக்கிறார்கள். நம்மூரில் அது சாக்கடை அடைப்பாகவும் மாட்டின் வயிற்றிலும் முடிகிறது.

களப்பணி

மாதிரி அளவு: ஒரு வீடு, ஒரு சமையலறைக் கதவு, அதன் பின்னால் ஒரு ஆணி. கீழடிக் குழியைப் போல அடுக்கு அடுக்காக இறங்க வேண்டியிருந்தது. வெளியே இருந்தது போன வைகாசிக் கல்யாணம். உள்ளே போகப் போக எழுத்து மங்கும் என்று எதிர்பார்த்த ஆய்வாளருக்கு அதிர்ச்சி. அடியில் கிடந்த பையின் மணமக்களுக்கு இன்று கல்லூரி போகும் பெண் இருக்கிறாள். பையில் மடிப்புகூடக் கலையவில்லை. பை அன்று வாசல் தாண்டி வந்ததோடு சரி.

காரணம் அளவில் இருக்கிறது. தாம்பூலப் பை ஒரு தேங்காயை அளந்து தைக்கப்படுகிறது. அதில் முருங்கைக்காய் நிற்காது, கால் கிலோ கீரை நசுங்கும். காது குட்டை என்பதால் தோளில் மாட்டவும் முடியாது. ஆணியில் தொங்கியவற்றில் உழைத்துக் களைத்திருந்தது ஒன்றே ஒன்று: அகலமான, நீளக் காதுள்ள, யாரோ தெரியாத்தனமாகப் பெரிதாகத் தைத்துவிட்ட பை. 52ஐத் தாண்டியிருக்கக் கூடியது அது மட்டுமே. இரண்டு சாண் அகலம், தோளில் விழும் காது, ஆளுக்கு ஒன்று என்றில்லாமல் குடும்பத்துக்கு ஒன்று என்று கல்யாண வீட்டார் தீர்மானித்தால் கணக்கு ஓரளவு நேராகும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.

பரிந்துரையின் இரண்டாம் பாதி வாசலிலேயே அடிபடும் அபாயம் உண்டு. “வீட்டுக்கு ஒண்ணு போதுமா அத்தை?” என்று பை கொடுக்கும் பெண் கேட்டபோது கிடைத்த பதில்: “எதிர்வீட்டு அம்மாவால வர முடியல கண்ணு. அவங்களுக்கும் ஒண்ணு குடு.”

வரம்புகள்

கணக்கெடுப்பின் நடுவில் ஆய்வாளரின் அம்மா அந்தப் பெரிய பையை உருவிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய்விட்டதால் அன்றைய தரவு முழுமை பெறவில்லை. அரை மணி நேரத்தில் பை திரும்பியது. உள்ளே கத்தரிக்காய், முருங்கைக்காய், தனியாக ஒரு பாலித்தீன் கவரில் கொத்தமல்லி.