கோட்டை கட்டும் நேரத்தில் கணக்கு

2020இல் கொரோனாவால் பள்ளிகளை இழுத்து மூடியபோது, அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு கணக்கு வாத்தியார் ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’ வீடியோ விளையாட்டுக்குள் புகுந்தார். வேற்றுக்கிரக ஜந்துகளைச் சுட்டுத்தள்ள வேண்டிய இடம். மனிதர் அங்கிருந்த கண்ணாடியில் மார்க்கரால் கோடிழுத்துக் கோணங்கள் பாடம் நடத்தினார்!

நம் கல்விச் செயலிக்காரர்களோ விளையாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புள்ளி, பேட்ஜ், லீடர்போர்டு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே கொட்டாவி வீடியோ. முடித்தால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும். பையன் விவரமானவன். இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பேட்ஜை வாங்கிக்கொண்டு, மைன்கிராஃப்டில் கோட்டை கட்டப் போய்விடுகிறான். சுவருக்கு எத்தனை கட்டை வேண்டுமென்று அங்கே மனக்கணக்காகவே பெருக்குகிறான். அம்மா அதட்டியதும் மூடிவிட்டு, செயலியின் பெருக்கல் பாடத்துக்குத் திரும்பி, குத்துமதிப்பாக ‘இ’ விடையை அமுக்குகிறான்.