மூன்று இரவுக் குழந்தை

பார்சிலோனாவில் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பிறந்ததும் குழந்தையின் கையில் ஒரு சக்கரப் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பாருங்கள் உபசாரத்தை! வாசல் கம்பியில் எண்பூட்டுப் பெட்டிக்குள் சாவி தொங்கும். வெளுத்த விரிப்பும் மடித்த துண்டும் காத்திருக்கும். பெட்டியில்லாமல் பிறந்து, இருபது வருஷம் இங்கேயே இருந்து தொலைப்பேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்குத்தான் வீடு இல்லை.

கண்ணியமான வீடு எல்லோருக்கும் உரிமை என்று ஸ்பெயினின் 1978 அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். பத்தாண்டில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்று 2024இல் மேயர் ஜவுமே கொல்போனியே ஒப்புக்கொண்டார்.

அந்த மார்ச்சில் வாடகைக்கு உச்சவரம்பு வந்தது. வீட்டுக்காரர்கள் அசருவார்களா? அப்போது 'தற்காலிகக் குடியிருப்பு' என்று எழுதினால் வரம்பு தொடாது என்றிருந்தது. ஆக, பதினொரு மாத ஒப்பந்தம். பள்ளி திறக்கும்போது வா, கோடை விடுமுறைக்குள் காலி செய். முகவரியை நகராட்சியில் பதியாதே என்று காதோடு ஒரு நிபந்தனை வேறு. பதியாவிட்டால் பக்கத்துப் பள்ளியில் சேர, அருகில் வசிப்போருக்கான மதிப்பெண் கிடைக்காது. பிள்ளை அதே தெருவில்தான் பல் முளைத்து நடை பழகியிருக்கும். காகிதத்தில் அப்படியொரு பிள்ளையே இல்லை.

வீடு மட்டுமா? குவெல் பூங்கா பக்கம் ஓடும் 116ஆம் எண் பேருந்தின் கதை தெரியுமா? சிற்றுந்துதான். சுற்றுலாப் பயணிகள் கூட்டத்தில் மேட்டுத்தெருக் கிழவிகளுக்கு ஏற இடமில்லை. கடைசியில் நகராட்சி கேட்டுக்கொண்டு கூகுள் வரைபடத்திலிருந்தே அதை நீக்க வைத்தது. உள்ளூர்க்காரன் தன் பேருந்தில் ஏற, அப்படியொரு பேருந்தே கிடையாது என்று ஊரே சேர்ந்து பொய் சொல்ல வேண்டியிருக்கிறது!

சுற்றுலா வீடுகளுக்கான 10,101 உரிமங்களும் 2028 நவம்பரோடு முடியும் என்று மேயர் அறிவித்திருக்கிறார். நல்லது. அதுவரை பிள்ளைகள் வளராமல் அப்படியே இருக்கட்டும்.

2024 ஜூலையில் பொறுமை இழந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். சிலர் உணவக மேசையிலிருந்த சுற்றுலாப் பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். உலகப் பத்திரிகைகளுக்கு அதுதான் செய்தி. ஐயோ, விருந்தாளியின் சட்டை நனைந்துவிட்டதாம்! கைக்குழந்தையோடு நடுத்தெருவுக்கு வந்த குடும்பத்துக்கு எந்தப் பத்திரிகை இப்படிப் பதறியது? பொம்மைத் துப்பாக்கியெல்லாம் எதற்கு, அடுத்த கோடைக்கு வாளியோடு வாருங்கள்.