ஏணியை உருவிய கைகளின் சரித்திரம்

கொடுங்கோலர்களின் பட்டியல் போடும் சரித்திர ஆசிரியர்கள் நீரோவில் ஆரம்பித்து ஹிட்லரோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆட்சிக்கு வந்த ஒரு பெருங்கூட்டத்தை ஏனோ கண்டுகொள்வதே இல்லை. அதில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீட்டுப்பாடத்தை முடிப்பார்கள், பாலைக் குடிப்பார்கள், கம்ப்யூட்டரைப் போடுவார்கள். தாங்களே வீடு கட்டிக் குடிவைத்த ஆளை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டு, சத்தமில்லாமல் ஏணியை உருவிவிடுவார்கள். பிறகு சாப்பிடப் போவார்கள்.

அந்த ராஜ்யத்தின் பெயர் ‘தி சிம்ஸ்’. அதன் ஸ்தல புராணம் தீயில் தொடங்குகிறது. 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பற்றிய தீ 25 பேரைக் கொன்றது, ஆயிரக்கணக்கான வீடுகளைச் சாம்பலாக்கியது. அதில் ஒரு வீடு வில் ரைட்டுடையது. ‘சிம்சிட்டி’ என்று ஊர் கட்டும் விளையாட்டைச் செய்து அதற்கு முன்பே பெயர் வாங்கியிருந்தவர். குடும்பம் தப்பித்தது. போன சாமான்களை ஒவ்வொன்றாக மறுபடி வாங்கும்போது, ஒரு மனிதனுக்கு எதெது வேண்டும், எது முதலில் வேண்டும் என்று யோசித்தார். மற்றவர்களுக்கு அந்த யோசனை வந்தால் கடன் வாங்குவார்கள். அவருக்கு வீடு கட்டும் விளையாட்டு ஒன்று தோன்றியது.

அதில் மனிதர்கள் பிற்சேர்க்கைதான். கட்டிய வீடு வாழ லாயக்கா என்று மார்க் போடுவதற்காகக் குட்டி மனிதர்களை உள்ளே விட்டார். கம்பெனி மேலிடத்துக்கு அது பொம்மை வீடாகத்தான் தெரிந்தது, உதட்டைப் பிதுக்கியது. ஒருவழியாக விளையாட்டு கடைக்கு வந்தபோது ஜனங்கள் வீட்டை விட்டுவிட்டு மனிதர்களைப் பிடித்துக்கொண்டார்கள். பரீட்சை எழுத வந்தவர்கள் மேற்பார்வைக்கு வந்த வாத்தியாரைக் குளத்தில் தள்ளிய முதல் சம்பவம் அதுதான்.

முதல் யுகத்தில் யாருக்கும் வயதாகாது. சிறுவன் ஆயுசு முழுக்கச் சிறுவன், அப்பா ஆயுசு முழுக்க அப்பா. ஆகவே மூப்பால் சாவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தீ, தண்ணீர், கரண்ட், பட்டினி இவற்றில் ஒன்று வந்தாக வேண்டும். அதாவது விழுகிற பிணத்தில் முக்கால்வாசி போலீஸ் கேஸ். ஆனால் அந்த ஊர்ப் போலீஸ் திருடனுக்கு மட்டும்தான் வரும்.

தீ விபத்து எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமையல் தெரியாத ஆளை விலை குறைந்த அடுப்பின் முன்னால் நிறுத்த வேண்டும். சற்று நேரத்தில் அடுப்பு பற்றிக்கொள்ளும். குளித்துக்கொண்டிருந்தவர், தூங்கிக்கொண்டிருந்தவர், டிவி பார்த்தவர் என்று குடும்பமே ஓடும். எங்கே? தீயை நோக்கி. அடுப்பைச் சுற்றி நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு அலறுவார்கள். ஒருத்தருக்காவது போனை எடுக்கத் தோன்றாது. தீயணைப்பு வண்டியை நாம்தான் ஆள் விட்டுக் கூப்பிட வேண்டும். நாமோ அந்த நேரத்தில் அடுத்த வீட்டில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு, ‘டேய், வந்து பாருடா’ என்று காட்டிக்கொண்டிருப்போம்.

இப்படி நிர்வாகம் சீர்கெட்டுக் கிடந்ததால் 2000ஆம் ஆண்டிலேயே வந்த ‘லிவின் லார்ஜ்’ என்ற இணைப்பில் எமனுக்கு வேலை போட்டுக்கொடுத்தார்கள். கறுப்பு அங்கி, நீளக் கம்பில் அரிவாள். எருமை அலவன்ஸ் கிடையாது. அந்த ஊருக்குக் கினிப்பிக் என்ற செல்லப்பிராணியும் வந்தது. கூண்டைக் கழுவாமல் விட்டால் அது கடிக்கும், நோய் பரவும், வீடு காலியாகும். வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் மாதமே ஓவர்டைம்.

ஆனால் எமன் இளகிய மனசுக்காரன். செத்தவரின் சொந்தக்காரர் அழுதால், கல்-காகிதம்-கத்தரிக்கோல் ஆடலாம் வா என்பான். ஜெயித்தால் புருஷன் கிடைப்பான். சாவித்திரி அத்தனை தூரம் நடந்து, அத்தனை வாதம் பண்ணி, வரத்துக்கு மேல் வரம் கேட்டு மீட்டதை இங்கே விரலை நீட்டி மடக்கியே முடித்துக்கொண்டார்கள்.

2004இல் ‘சிம்ஸ் 2’ வந்தது. முதுமை வந்தது. கொலைகாரர்களின் கொட்டம் கொஞ்சம் அடங்கியது அப்போதுதான். ஏணியை உருவிய அதே கை இப்போது ஒரு பிள்ளையைத் தொட்டிலிலிருந்து வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம் பண்ணி, தலை நரைக்கும்வரை கூடவே வந்திருந்தது. நிறைவாக வாழ்ந்த கிழவருக்கு எமன் ராஜ மரியாதையோடு வந்தான். பெட்டி, குடிக்க ஒரு கிளாஸ், கூடவே ஹூலா நாட்டியப் பெண்கள். தாத்தா ஹவாய்க்கு டூர் போவது மாதிரி சிரித்துக்கொண்டே கிளம்பினார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவருக்குத்தான் மூக்கு அடைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு ‘யுனிவர்சிட்டி’ இணைப்பில் ஒரு தொலைபேசியைக் கொடுத்தார்கள். அதில் எமனை நேரடியாக அழைத்து, தொகை பேசி, செத்தவரைத் திரும்பப் பெறலாம். அடிமாட்டு விலை பேசினால் பணத்தை வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்துவிடுவான். கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் ஆள் வருவார், ஸாம்பியாக. முழுத்தொகை கட்டினால்தான் போன மாதிரியே முழுசாக வருவார். உலகத்தின் எந்த மொழிக்காரருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதே இணைப்பில் மாட்டுத் தலையோடு ஒரு செடியும் வந்தது. பசியானால் நாக்கில் கேக்கை வைத்துக் காத்திருக்கும். கேக்குக்கு ஆசைப்பட்டுக் கை நீட்டியவரை விழுங்கிவிடும். அப்புறம் அதைக் கறக்கலாம். அந்தப் பாலைக் குடித்தால் குடித்தவருக்கு ஆயுசு கூடும். விருந்தாளியைக் கறந்து குடிக்கும் இந்தக் கலையில் பலர் கைதேர்ந்தார்கள். அதே வீட்டில் பாட்டி செத்தால் மட்டும் சோறு இறங்காது.

‘சிம்ஸ் 3’ 2009இல் வந்தபோது கம்பெனி திருந்தப் பார்த்தது. ஏணி இல்லாவிட்டாலும் குளத்தின் ஓரத்தைப் பிடித்து ஏறக் கற்றுக்கொடுத்தார்கள். ஜனங்கள் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். 2014இல் ‘சிம்ஸ் 4’ குளமே இல்லாமல் வந்தது. ஊரே கூச்சல் போட்டது. நவம்பரில் குளம் வெட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் போராட்டங்களின் வரலாற்றில் நீந்துவதற்காக நடக்காத போராட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

2024இல் ‘லைஃப் அண்ட் டெத்’ என்ற இணைப்பு வந்து உயில், இறுதிச் சடங்கு எல்லாம் சேர்ந்தன. உயிர் எடுப்பதையே உத்தியோகமாகக் கொண்டு படிப்படியாக பிரமோஷன் வாங்கலாம். இருபத்து நான்கு ஆண்டுகள் நாம் சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு ஒருவழியாக ஆர்டர் வந்துவிட்டது.

கல்-காகிதம், தொலைபேசி, செடிப்பால் என்று கம்பெனி எத்தனை வழி கொடுத்தாலும், ஆட்டக்காரர்கள் மனசார நம்பியது ஒன்றைத்தான். பிடித்தவர் செத்த கணமே, சேவ் செய்யாமல் வெளியேறுவது. எமன் அங்கியைச் சரிசெய்து அரிவாளை ஓங்குவதற்குள் உலகமே அணைந்துவிடும். மறுபடி திறந்தால் காலை எட்டு மணி. பாட்டி தோசைக்கல்லில்லாத அந்த ஊரில் பான்கேக் சுட்டுக்கொண்டிருப்பாள். முன்பின் தெரியாதவனுக்கு ஏணியில்லை, வளர்த்தவளுக்குச் சாவில்லை. கடவுள் நாற்காலி கிடைத்தும் நாம் நடத்தியது இந்தக் குடும்ப நியாயத்தைத்தான்.

வில் ரைட்டுக்கு அந்தப் பொத்தான் இல்லை. அவர் ஸ்பூன் முதற்கொண்டு எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் திரும்ப வாங்கினார்.