அம்புக்குறி இட்ட கேபிளும் அதன் வழிப் பாயும் கமகமும்: மூவளவை கொண்டு ஓர் ஆய்வு

என் சகலையின் மடிப்பாக்கத்து வீட்டில் ரூட்டருக்கும் மியூசிக் ஸ்ட்ரீமருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு லேன் கேபிள் கிடக்கிறது. ‘கிடக்கிறது’ என்பது குற்றம். தரையில் படக்கூடாது என்று மூன்று பீங்கான் முட்டுகளின் மேல் அது எழுந்தருளியிருக்கிறது. விலை 38,000 ரூபாய் என்பது மூலபாடம். என் மச்சினியிடம் சொல்லப்பட்டது 3,800. இதைப் பாடபேதம் என்று கொள்க. ஏடு பெயர்த்து எழுதுவோர் கை தவறிச் சுழி ஒன்றை விடுவது தமிழுக்குப் புதிதல்ல.

இந்தக் கேபிளை மாட்டினால் பாட்டு முன்னைவிட நன்றாகக் கேட்குமா என்பதே ஆய்வுப் பொருள். கேட்கும் என்பது சகலையின் கட்சி. அவருடைய கொள்கையைச் சுருக்கினால் ஒரு நூற்பா கிடைக்கிறது: ‘காசு ஏறஏறக் கானம் ஏறும்.’ இதற்குப் பழைய உரை கிடைக்கவில்லை. நூற்பாவே நேற்று நான் எழுதியதுதான். ஆகவே புத்துரை தருகிறேன். காசு என்றது ரூபாயை. ஏறஏற என்னும் அடுக்கு, மாதத் தவணையை உணர்த்திற்று. கானம் என்றது பாட்டை. ஏறும் என்பதன் முன் ‘வாங்கியவர் காதுக்கு’ என வருவித்து உரைக்க, இஃது இசையெச்சம். இசையெச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை எந்த உரையாசிரியரும் தரவில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஓர் அறிவு மெய்தானா என்று பார்க்கச் சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை வைத்தார்கள். மணிமேகலை சமயக்கணக்கர்களிடம் கேட்கப் போனபோது அந்தப் பட்டியல் பத்து வரை நீண்டது. லேன் கேபிளுக்கு மூன்று போதும். கடைசியில் மட்டும் பத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்க நேரும்.

முதலில் உரை, அதாவது நம்பத் தகுந்தவர் சொல். இத்துறையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீட்டர் பெல்ட் என்பவர் இருந்தார். வீட்டில் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமானால் உங்கள் புகைப்படத்தை ஃபிரீசரில் வையுங்கள் என்றவர் அவர். கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னார். கடைப்பிடித்துப் பலன் கண்டோம் என்றவர்களும் உண்டு. ஜப்பானில் சிலர் அண்டை வீட்டு மின்சாரத்தின் அழுக்கு தம் பாட்டில் கலக்கிறதென்று சொந்தச் செலவில் தோட்டத்தில் மின்கம்பம் நட்டுக்கொண்ட செய்தி 2016இல் வந்தது. அதற்கும் எட்டு வருடம் முன்பே டெனான் கம்பெனி ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்றை 499 டாலருக்கு விற்றது; அன்றைய கணக்கில் ஏறக்குறைய 21,000 ரூபாய். இரு முனையிலும் நாம் அறிந்த அதே லேன் பிளக். கேபிளின் மேல் அம்புக்குறி. தகவல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அது காட்டுகிறதாம். சகலையின் கேபிளிலும் அம்பு உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

உரை அளவையில் எனக்குள்ள ஐயம் ஒன்றுதான். புதுக் கேபிள் ஒவ்வொன்றுக்கும் விமர்சகர்கள் ‘ஒரு திரை விலகினாற்போல் இருந்தது’ என்றே எழுதுகிறார்கள். போன வருடத்துக் கேபிளும் ஒரு திரையை விலக்கியது. அதற்கு முந்திய பவர் கார்டு ஒரு திரை, அதற்கும் முந்திய ஃபியூஸ் ஒரு திரை. வடலூர் வள்ளலார் சபையில் ஏழாவது திரையோடு ஜோதி தெரிந்துவிடும். இங்கே எத்தனையாவது திரைக்குப் பின்னால் பாட்டு இருக்கிறது என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

நம்பத் தகுந்தவர்களின் காதும் சில வேளை அசந்துவிடுகிறது. அமெரிக்காவில் மோஃபி என்று ஒரு கம்பெனி, பெரிய விலைக்கு இசைத்தட்டு போடுவது. டிஜிட்டல் தீண்டாத தட்டு என்று நம்பி அவற்றைக் கொண்டாடியவர்கள் ஏராளம். தயாரிப்பின் நடுவே டிஜிட்டல் படி ஒன்றை 2011 முதலே அந்தக் கம்பெனி சேர்த்து வந்தது 2022இல் வெளியே தெரிந்தது. இடைப்பட்ட பதினொரு வருடம் அந்தத் தட்டுகளில் டிஜிட்டல் வாடை அடிப்பதாக யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

இனிக் கருதல், அதாவது அனுமானம். சிடி தரத்தில் ஒரு பாட்டு என்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். பழைய லேன் கேபிளே நொடிக்கு 10 கோடி பிட் தாங்கும். மாட்டு வண்டிப் பாதையாக இருந்திருந்தால் அகலப்படுத்தியதில் அர்த்தம் உண்டு. இதுவோ எழுபது வண்டி பக்கவாட்டில் போகக்கூடிய சாலை, போவது ஒன்று. எண்கள் 1,500 பைட் அளவுப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் வாலிலும் 4 பைட் அளவில் ஒரு சரிபார்ப்புக் கணக்கு. கணக்கு உதைத்தால் பொட்டலம் குப்பைக்குப் போகும். வராத பொட்டலத்தை ஸ்ட்ரீமர் மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும்.

அந்தக் காலத்து மணியார்டரை நினைவில் கொள்க. தபால்காரர் சைக்கிளில் வந்தாலும் காரில் வந்தாலும் 500 ரூபாய் 500தான்; காரில் வந்த நோட்டு கூடுதல் மொடமொடப்பாக இராது. பணம் வந்து சேர்ந்தது என்று நாம் கையெழுத்துப் போட்ட துண்டு, அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். கேபிளிலும் அப்படியே. ‘வந்தது, வந்தது’ என்ற ரசீதுகள் ஸ்ட்ரீமரிலிருந்து ரூட்டருக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அவை எல்லாம் அந்த அம்புக்குறிக்கு எதிர்த்திசை. ஒருவழிப் பாதை என்று பலகை வைத்த தெருவில் எதிரே வருகிற ஆட்டோக்களைப் போல அவை சகலையின் கேபிளில் சர்வ சுதந்திரமாகப் போய்வருகின்றன. அதனால்தான் பாட்டே வருகிறது.

கேபிள் மோசமாக இருந்தால் ஒன்றும் ஆகாதா? ஆகும். பிளக்கின் கிளிப் உடைந்து ஆடினால் பாட்டு வெட்டுப்பட்டு நிற்கும். வயலின் கொஞ்சம் கரகரக்கும், மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் சோரும் என்பதெல்லாம் நடவாது. இதைச் சொன்னதும் சகலை, “எண்ணு மாறாது சகலை, ஒத்துக்கறேன். கேபிள் வழியா மின்சார இரைச்சல் உள்ள வருதே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், தள்ளிவிட முடியாது. ஆனால் லேன் சாக்கெட்டுக்குள்ளேயே பொடி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது; நேரடி மின்தொடர்பை அது அறுத்துவிடும். அதையும் மீறி இரைச்சல் வந்தால் எண்ணை ஒலியாக்கும் கருவியின் வாயில் அளந்து பார்க்கலாம். அளந்து காட்ட முடிந்தவர் கேபிளோடு அந்த வரைபடத்தையும் சேர்த்து விற்றிருப்பார். விற்பவர்கள் தருவதோ வெல்வெட் பை.

எஞ்சியது காண்டல், இங்கே கேட்டல். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னால் காதின் அதிகாரம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. 2007இல் மாய வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கேட்டே பிரித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்றார். பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை நடக்கவில்லை. அதே வருடம் மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டனில் செய்த சோதனை ஒன்று அச்சானது. உயர்தர ஒலிப்பதிவுகளை வேண்டுமென்றே சிடி தரத்துக்கு இறக்கி, வேறுபாடு தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை விடை சரி. காசு சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். 2016இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய ஆய்வுகள் பதினெட்டைத் தொகுத்துப் பார்த்ததில் 52.3 விழுக்காடு வந்தது. ஏதோ கொஞ்சம் கேட்கிறது என்பது அவர் முடிவு. இருக்கட்டும். அங்கே பிட்டுகளையே வெட்டியும் இவ்வளவுதான் தெரிந்தது என்றால், ஒரு பிட்டும் மாறாத இடத்தில் என்ன தெரியும்? உரையாசிரியர்கள் இதைக் கைமுதிக நியாயம் என்பர்.

அந்நியர் ஆய்வு போதாதென்று மே மாதத்து ஞாயிறு ஒன்றில் மடிப்பாக்கத்திலேயே ஒரு சோதனை நடத்தினோம். ஒரு வயலின் ஆலாபனை, பின்னால் தம்புரா. சகலை சோபாவில். டிவி அலமாரிக்குப் பின்னால் பத்தாவது படிக்கும் அவர் மகள். அவள் கையில் 38,000 ரூபாய்க் கேபிளும், ரூட்டரோடு சும்மா வந்த சாம்பல் நிறக் கேபிளும். எதை மாட்டினாள் என்பதை அவள் சீட்டில் எழுதுவாள். எது என்று அவர் சொல்வதை நான் குறித்துக்கொள்வேன். மூன்று சுற்று முடிந்தது. “பெரியப்பா, சீட்டெல்லாம் பறக்குது” என்று எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தாள்.

நான்காவது சுற்று. சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது... இதுதான் சகலை! தம்புராவுக்கும் வயலினுக்கும் நடுவுல இடம் தெரியுது பாருங்க. ஒரு திரை விலகின மாதிரி இல்ல?” உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. வில் எடுத்த பிறகும் தந்தியில் ஒலி தங்கி மெல்லத் தேய்வது காதில் விழுந்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “அப்பா, நான் இன்னும் எதையும் மாட்டலை.”

பாட்டு நிற்காததற்குக் காரணம் எளிது. வரப்போகும் பகுதியை ஸ்ட்ரீமர் முன்கூட்டியே வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறது. கேபிளைப் பிடுங்கினாலும் கையிருப்பு தீரும்வரை வாசிக்கும். பத்து அளவைகளிலிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டும் என்றேனே, அது இந்த இடத்துக்குத்தான்: அபாவம், அதாவது இல்லாததை இல்லை என்று அறிதல். முயற்கொம்பையும் ஆகாயத் தாமரையையும் உதாரணம் காட்டியே நம் தருக்க நூலார் காலம் தள்ளினார்கள். ஆகாயத் தாமரையின் மணம் மற்றப் பூக்களைவிட உயர்வென்று மனமுவந்து பாராட்டியவர், நான் அறிந்தவரை, என் சகலை ஒருவர்தான்.

ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை, எனக்கும்தானே கேட்டது. அவர் காது பொய் சொல்லவில்லை, காரணத்தைத்தான் மாற்றிச் சொன்னது. தம்புராவுக்கும் வயலினுக்கும் நடுவே இடம் உண்டானது ஃபேன் நின்றதால். 16 பிட் இசைக்கு மெல்லொலியிலிருந்து பேரொலி வரை ஏறத்தாழ 96 டெசிபெல் இடம் உண்டு. அதன் கீழ்ப் பகுதியில் பெரும்பங்கைத் தலைக்கு மேல் சுற்றிய ஃபேன் பல வருடமாக ஆக்கிரமித்திருந்தது. நாங்கள் லேன் கேபிளில் திரை தேடிக்கொண்டிருந்தோம்.

இதிலிருந்து ஒரு துணைமுடிபு பிறக்கிறது. சென்னையில் கச்சேரிக் காலம் டிசம்பரில் அமைந்ததற்கு 1927இல் இங்கு நடந்த காங்கிரஸ் மாநாட்டையும், அதையொட்டிக் கூடிய இசை மாநாட்டையும், அடுத்த வருடம் தோன்றிய மியூசிக் அகாடமியையும் காரணமாகச் சொல்வார்கள். அது வரலாற்றாசிரியர் கூற்று. இம்மாநகரில் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்காமல் ஒரு ராகம் முழுதும் கேட்கக்கூடிய மாதம் மார்கழி ஒன்றே என்பது இந்த ஆய்வின் கூற்று. மறுப்பவர்கள் மே மாதம் மடிப்பாக்கம் வரலாம்.

நான்காவது சுற்றோடு சோதனை நின்றுபோனது. ஃபேன் இல்லாமல் ஐந்தாவது சுற்றுக்கு உட்கார எங்கள் இருவராலும் முடியவில்லை. மீதி ஆறு சுற்றுகளை மார்கழியில் நடத்துவதாக இருக்கிறோம். வாசகர்கள் அதுவரை எந்தக் கேபிளும் வாங்காமல் பொறுத்திருக்கவும். என் மச்சினியிடம் யாரேனும் கேட்க நேர்ந்தால், 3,800 என்று சொல்லவும்.