வானவில்லைத் திருப்பிப் பாருங்கள்: கேள்வி பதில்

குற்றாலம் மெயின் அருவியில் வானவில் தெரிந்தது. போலராய்டு கண்ணாடி போட்டதும் அதன் உச்சி மங்கிவிட்டது. கண்ணாடியில் கோளாறா? (தென்காசி வாசகர்)

நல்ல கண்ணாடிதான் வாங்கியிருக்கிறீர்கள்! வானவில்லின் ஒளி பெரும்பாலும் வில்லின் வளைவை ஒட்டியே அதிர்கிறது. உச்சியில் அந்த அதிர்வு கிடைமட்டம். உங்கள் கண்ணாடி தடுப்பதும் கிடைமட்ட அதிர்வைத்தான். கழற்றி, நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். உச்சி பளிச்சிடும், வில்லின் கால்கள் மங்கும். பள்ளியில் படித்த தளவிளைவு இதுதான்.

துகள்களின் பாரிட்டியையும் தளவிளைவை வைத்தே கண்டுபிடிக்கிறார்களாமே? (இலஞ்சி மாணவி)

ஆமாம். மேல்கீழ், இடவலம், முன்பின் மூன்றையும் மாற்றிப்போடும்போது துகளின் அலைச்சார்பு குறி மாறாவிட்டால் பாரிட்டி இரட்டை, மாறினால் ஒற்றை. மின்சுமையற்ற பயான் என்ற துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியை நூறு கோடி கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரம்கூட அது வாழாது. இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்துவிடும். அந்த இரண்டின் தளவிளைவுத் தளங்கள் இணையாக இருந்தால் பாரிட்டி இரட்டை, செங்குத்தாக இருந்தால் ஒற்றை என்று 1950இல் சி. என். யாங் கணக்குப் போட்டுக் காட்டினார். செத்த துகளின் குணத்தை அதன் ஒளி சொல்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அந்த ஃபோட்டானுக்கும் போலராய்டு போதுமா? (செங்கோட்டை வாசகர்)

போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானுக்கு ஆற்றல் இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட். இதற்கோ 6.75 கோடி! கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். இயற்கையே ஒரு வழி விட்டிருக்கிறது. ஏறத்தாழ முப்பதாயிரம் பயான்களில் ஒன்று, இரண்டு ஃபோட்டான்களுக்குப் பதிலாக இரண்டு எலக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடிகளாகச் சிதைகிறது. ஒவ்வொரு ஜோடியும் விரியும் தளத்தில் தளவிளைவின் தடம் இருக்கும். இரண்டு தளங்களுக்கும் இடையிலான கோணத்தை அளந்தால் போதும். குமிழிக்கலப் படங்களில் அதை ஒவ்வொன்றாக அளந்து, பாரிட்டி ஒற்றைதான் என்று 1962இல் சாமியோஸ், ஸ்டைன்பெர்கர் குழு அறிவித்தது. 2008இல் ஃபெர்மிலாபின் கேடெவ் குழு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிதைவுகளை ஆராய்ந்தது. விடை மாறவில்லை.

பயான் நம்ம ஊருக்கு வருமா? (மேலகரம் வாசகி)

அண்டக்கதிர் மோதும்போது வானத்தின் உயரத்திலேயே பிறந்து அங்கேயே சிதைந்துவிடும். மின்சுமையுள்ள பயானின் வாரிசான மியூவான்தான் கீழே வரும். அருவிக்கரையில் உள்ளங்கையை விரியுங்கள், நொடிக்கு ஏறத்தாழ ஒன்று கடந்துபோகும்.

இந்தத் துறையில் நம் பக்கத்துக்காரர் யாராவது? (கடையநல்லூர் வாசகர்)

ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டிப் போனால் கோட்டயம். அங்கே 1931இல் பிறந்து, சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்த ஈ. சி. ஜி. சுதர்சன்! பலவீன விசை பாரிட்டியை மதிப்பதில்லை என்று 1957இல் வூ அம்மையாரின் சோதனை காட்டியது. அந்த விசையின் வடிவத்தை அதே ஆண்டில் மார்ஷக்குடன் சேர்ந்து வகுத்தவர் சுதர்சன். அவருக்கு நோபல் பரிசு கிடைக்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை.